வளம் ஒதுக்கும் நிரலில் முடிவில்லாச் சுழற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேகக்கணிமையில் சர்வர்களை உருவாக்கவும் நீக்கவும் எழுதப்படும் நிரல்களைச் சரிபார்க்கும்போது, புதியவர்களும் அனுபவமுள்ளவர்களும் ஏறத்தாழ ஒரே ஐயங்களையே எழுப்புகிறார்கள். கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அமேசானின் மேகக்கணிச் சேவையான ஏடபிள்யூஎஸ், பல சர்வர்களில் மென்பொருட்களை ஓட்டி நிர்வகிக்கும் குபர்னெட்டீஸ் ஆகிய இரண்டிலிருந்தும் எடுக்கப்பட்டவை. என்னிடம் வரும் கேள்விகளும் அவற்றைப் பற்றியவைதாம்.

சாதாரண நிரலிலும்தான் லூப் (சுழற்சி) எழுதுகிறோம். சர்வர் ஒதுக்கும் நிரல் மட்டும் ஏன் நிற்காமல் சுற்றுகிறது?

ஒரு கோப்பின் 100 வரிகளைப் படிக்கும் லூப்பில் எண்ணிக்கை உங்கள் கையில் இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் அது ஒன்று கூடுகிறது, 100ஐத் தொட்டதும் லூப் முடிகிறது. சர்வர் ஒதுக்கும் லூப்பிலோ, முடிவைத் தீர்மானிக்கும் நிபந்தனை வேறொருவர் கையில் இருக்கிறது. ஏடபிள்யூஎஸின் கணினி வாடகைச் சேவையான ஈசி2வில் ஒரு கணினியைக் கேட்டால் அழைப்பு உடனே திரும்பிவிடும், ஆனால் அந்தக் கணினி அப்போது 'பெண்டிங்' நிலையில்தான் இருக்கும். ஆகவே, 'ரன்னிங்' ஆகும்வரை கேட்டுக்கொண்டே இரு என்று எழுதிவிடுகிறோம்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. வட்டின் குறியாக்கச் சாவியைப் பயன்படுத்த அனுமதி இல்லாவிட்டாலோ, உங்கள் கணக்குக்குரிய வட்டு வரம்பு தீர்ந்திருந்தாலோ, அந்தக் கணினி 'பெண்டிங்'கிலிருந்து நேராக 'டெர்மினேட்டட்' நிலைக்குப் போய்விடும். 'ரன்னிங்' என்ற விடை இனி வரவே வராது. லூப் அதற்காகவே காத்திருக்கும். பிழைச்செய்தி எதுவும் எழாது என்பதால், பதிவேட்டைப் பார்ப்பவருக்கு நிரல் பொறுமையாக வேலை செய்வதுபோலவே தோன்றும்.

அப்படியானால் காத்திருக்கும் லூப்பை எப்படித்தான் எழுதுவது?

வெற்றி, மீளமுடியாத தோல்வி, நேரம் தீர்ந்துபோதல் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி வெளியேறும் வழி இருக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் முதலாவதை மட்டும் எழுதுகிறார்கள்.

கெடு = இப்போது + 600 விநாடி
கெடு தீராதவரை:
— நிலை = கணினியின் நிலையைக் கேள்
— நிலை 'ரன்னிங்' எனில், வெற்றி என்று திரும்பு
— நிலை 'ஷட்டிங் டவுன்' அல்லது 'டெர்மினேட்டட்' எனில், தோல்வி என்று திரும்பு
— 15 விநாடி காத்திரு
கெடு தீர்ந்தால்: கணினியை நீக்கச் சொல், தோல்வி என்று திரும்பு

பைத்தானில் ஏடபிள்யூஎஸை அழைக்க உதவும் நூலகமான போட்டோ3 தரும் 'வெயிட்டர்'கள் இதையே செய்கின்றன. கணினி இயங்கக் காத்திருக்கும் வெயிட்டர் 15 விநாடிக்கு ஒருமுறை, அதிகபட்சம் 40 முறை கேட்கும்; அதாவது சுமார் 10 நிமிடம். இடையில் கணினி டெர்மினேட் ஆனால், மிச்ச நேரத்தை வீணாக்காமல் உடனே பிழை எழுப்பும். ஆயத்தமாக இருப்பதை விட்டுவிட்டுச் சொந்தமாக எழுதுவதற்கு வலுவான காரணம் வேண்டும்.

40 முறைதான் முயலும் என்று எண்ணிக்கை வரம்பு வைத்துவிட்டேன். கெடுவும் எதற்கு?

எண்ணிக்கை வரம்பு சுற்றுகளைத்தான் கட்டுப்படுத்துகிறது. ஒரு சுற்று எவ்வளவு நேரம் எடுக்கலாம் என்பதை அது கட்டுப்படுத்துவதில்லை. பிணையக் கோளாறில் ஒவ்வோர் அழைப்பும் 60 விநாடி தொங்கிப் பின் தோற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 15 விநாடி இடைவெளியையும் சேர்த்தால் 40 சுற்றுக்கு 3,000 விநாடி ஆகிறது. 10 நிமிடம் என்று நினைத்தது 50 நிமிடமாகிவிடுகிறது. அழைப்புக்கே டைம்அவுட் (காத்திருப்பு நேர வரம்பு) வைக்காமல் விட்டிருந்தால், முதல் சுற்றே முடியாமல் போகலாம். அப்போது உங்கள் எண்ணிக்கை 1ஐத் தாண்டவே தாண்டாது.

கெடுவைக் கணக்கிடச் சுவர்க் கடிகார நேரத்தை, அதாவது சர்வர் காட்டும் தேதி, மணியைப் பயன்படுத்தாதீர்கள். நேரத்தை ஒத்திசைக்கும் சேவை சர்வரின் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளினால், உங்கள் கெடுவும் அந்த அளவுக்குத் தள்ளிப்போகும். பைத்தானில் 3.3 பதிப்பிலிருந்தே பின்னோக்கி நகராத மோனோடோனிக் கடிகாரம் இருக்கிறது.

பிழை வந்தால் மறுபடி முயல்வதுதானே முறை? எந்தப் பிழைக்கு முயலக் கூடாது?

அனுமதி இல்லை, அளவுரு தவறு, கணக்கின் கோட்டா தீர்ந்தது ஆகிய மூன்றும் அடுத்த நிமிடத்தில் தாமாகச் சரியாகிவிடுபவை அல்ல. மனிதர் தலையிடும்வரை விடை மாறாது. ஆகவே முதல் முறையே நிறுத்திவிட வேண்டும். வேகமாகக் கேட்கிறீர்கள் என்ற த்ராட்லிங் பிழைக்கு இடைவெளி விட்டு முயலலாம். இப்போதுதான் உருவாக்கிய கணினியைப் பற்றிக் கேட்டு, 'அப்படி ஒன்று இல்லை' என்று பதில் வந்தால் அதற்கும் சிறிது நேரம் முயலலாம். உருவாக்கிய செய்தி எல்லா இடத்துக்கும் பரவச் சில விநாடிகள் ஆவது இயல்பு.

நடுவில் நிற்பது, 'இந்த வகைக் கணினி இந்த மண்டலத்தில் இப்போது இருப்பில் இல்லை' என்ற பிழை. அது ஐந்து நிமிடத்திலும் தீரலாம், நாள் முழுக்கவும் நீடிக்கலாம். ஒரே வகையை ஒரே மண்டலத்தில் திரும்பத் திரும்பக் கேட்பதற்குப் பதிலாக, ஏற்றுக்கொள்ளத்தக்க வகைகளையும் மண்டலங்களையும் பட்டியலாக வைத்து, தோற்றதைப் பட்டியலிலிருந்து நீக்கிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு சுற்றிலும் பட்டியல் சுருங்குவதால் லூப் கட்டாயம் முடியும். எந்த லூப்பைச் சரிபார்த்தாலும் நான் முதலில் தேடுவது, இப்படிச் சுற்றுக்குச் சுற்று குறைகிற ஏதேனும் ஒன்று உண்டா என்பதைத்தான்.

இடைவெளியை இரட்டிப்பாக்கினால் போதாதா? அதில் தற்செயல் எண் ஒன்றைச் சேர்க்கச் சொல்வது ஏன்?

1, 2, 4, 8 விநாடி என்று இரட்டிப்பாக்குவது உங்கள் ஒரு நிரலுக்குப் போதும். ஆனால் ஒரே நொடியில் தோற்ற ஆயிரம் நிரல்கள் இதே கணக்கைப் பின்பற்றினால், அவை எல்லாம் அதே நொடிகளில்தான் திரும்பி வரும். தற்செயல் எண், அதாவது ஜிட்டர், அவற்றைக் கலைத்துவிடுகிறது. பூச்சியத்துக்கும் அப்போதைய உச்ச இடைவெளிக்கும் இடையே ஏதோ ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுப்பது எளிய முறை. அந்த உச்சத்துக்கும் ஒரு வரம்பு வையுங்கள்.

2025 ஜூன் 12 அன்று கூகுள் கிளவுடில் நேர்ந்த தடங்கல் இதற்குச் சான்று. ஒவ்வோர் ஏபிஐ (நிரல்கள் சேவையைக் கேட்கும் இடைமுகம்) அழைப்பின் அனுமதியையும் கோட்டாவையும் சரிபார்க்கும் 'சர்வீஸ் கன்ட்ரோல்' என்ற அமைப்பு, வெற்றுப் புலங்கள் கொண்ட ஒரு கொள்கைத் தரவைப் படித்து உலகம் முழுவதும் வீழ்ந்து எழுந்து வீழ்ந்துகொண்டிருந்தது. மூலக் காரணத்தைத் துண்டித்த பிறகும், பெரிய பகுதியான யுஎஸ்-சென்ட்ரல்1இல் மீண்டெழுந்த பணிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அடியிலிருந்த தரவுத்தளத்தை மொய்த்து அதைத் திணறடித்தன. தற்செயல் கலந்த இடைவெளி அதில் இல்லை என்று கூகுளின் அறிக்கையே கூறுகிறது. அங்கு முழுதாகச் சீராக 2 மணி 40 நிமிடம் வரை ஆயிற்று.

சேவையை அழைக்கத் தரப்படும் நிரல் தொகுப்பான எஸ்டிகே தானாகவே மறுமுயற்சி செய்கிறதே, நானும் ஒரு லூப் போட்டால் இன்னும் பாதுகாப்புதானே?

இல்லை. ஏடபிள்யூஎஸ் எஸ்டிகேயின் 'ஸ்டாண்டர்ட்' முறை மொத்தம் 3 முறை முயலும். அதன்மேல் உங்கள் லூப் 5 முறை, அதற்கும் மேல் பணியை ஓட்டும் கருவி 3 முறை என்று வைத்தால், ஒரே கோரிக்கை 45 அழைப்புகளாகப் பெருகுகிறது. ஏற்கெனவே திணறும் சேவைக்கு இதுதான் நாம் தரும் உதவி. மறுமுயற்சியை ஒரே அடுக்கில் வைத்துக்கொண்டு, மற்ற அடுக்குகளில் பிழையை அப்படியே மேலே அனுப்புங்கள்.

லூப் சரியாகவே நின்றது. ஆனால் ஒரு சர்வர் கேட்ட இடத்தில் நான்கு ஓடுகின்றன. எப்படி?

உருவாக்கும் அழைப்பு டைம்அவுட் ஆனது என்றால், விடை உங்களுக்கு வந்து சேரவில்லை என்பதுதான் பொருள். கோரிக்கை நிறைவேறவில்லை என்று பொருளில்லை. ஒவ்வொரு மறுமுயற்சியும் ஒரு புதிய கணினியை உருவாக்கியிருக்கிறது. இதைத் தடுக்கவே ஈசி2 'கிளையன்ட் டோக்கன்' (கோரிக்கைக்கு நாம் தரும் தனி அடையாளம்) என்ற அளவுருவை ஏற்கிறது. அதே டோக்கனுடன் அதே கோரிக்கை மறுபடி வந்தால், புதிதாக உருவாக்காமல் பழைய கணினியின் விவரத்தையே திருப்பித் தரும்.

டோக்கன் வைத்தும் கணினிகள் பெருகினால், அதை எந்த வரியில் உருவாக்குகிறீர்கள் என்று பாருங்கள். லூப்புக்கு உள்ளே உருவாக்கினால் சுற்றுக்கு ஒரு புது டோக்கன் கிடைக்கும், வைத்தும் பயனில்லை. லூப்புக்கு வெளியே, முதல் முயற்சிக்கு முன்னால் உருவாக்க வேண்டும். நிரலே இடையில் செத்து மறுபடி தொடங்கக்கூடும் என்றால், டோக்கனைத் தரவுத்தளத்தில் எழுதிய பிறகே அழைக்க வேண்டும்.

எந்த ஏபிஐயையும் அழைக்காமல் வெறும் கணக்கு மட்டும் போடும் பகுதி எப்படிச் சிக்கும்?

மூன்று இடங்களில் சிக்கும். முதலாவது, முழு எண் வகுத்தல். மீதியிருக்கும் வேலையில் பாதியை ஒவ்வொரு சுற்றிலும் ஒதுக்கு, மீதி பூச்சியமாகும்வரை செய் என்று எழுதுகிறார்கள். 7 வேலை இருந்தால் 3 ஒதுக்கப்பட்டு 4 மீதி, பிறகு 2, பிறகு 1. ஒன்றில் பாதி, முழு எண் வகுத்தலில் 0. ஒதுக்குவது பூச்சியம், மீதி எப்போதும் 1. குறைந்தது ஒன்றாவது ஒதுக்கு என்று சேர்த்துவிட்டால் தீர்ந்தது.

இரண்டாவது, தசம எண். ஒரு சிபியு மீதியிலிருந்து 0.1, 0.1 ஆகக் கழித்து, சரியாக 0 ஆனதும் நிறுத்து என்றால் நிற்காது. 0.1 என்ற எண் இருமத்தில் துல்லியமாக அமையாது. மீதி பூச்சியத்தைத் தொடாமல் தாண்டி எதிர்மத்துக்குப் போய்விடும். குபர்னெட்டீஸ் ஒரு சிபியுவை 1000 மில்லிசிபியு என்று முழு எண்ணாக எழுத வழி வைத்திருக்கிறது. உங்கள் நிரலிலும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, எந்த சர்வரிலும் அடங்காத வேலை. 64 ஜிபி நினைவகம் கேட்கும் பாட் (குபர்னெட்டீசில் ஓடும் வேலையின் அலகு) ஒன்று வரிசையில் நிற்கிறது, உங்கள் நோடுகள் (பாட்களை ஓட்டும் சர்வர்கள்) எல்லாம் 32 ஜிபி. 'இடமில்லையா, நோட் ஒன்று சேர், மறுபடி பார்' என்ற லூப் கோட்டா தீரும்வரை நோடுகளை வாங்கிக்கொண்டே போகும். குபர்னெட்டீசின் கிளஸ்டர் ஆட்டோஸ்கேலர் இதற்காகவே, புதிய நோட் வந்தால் இந்தப் பாட் அதில் அமருமா என்று முன்கூட்டியே கணக்கிட்டுப் பார்க்கிறது. அமராது என்றால் நோட் சேர்ப்பதில்லை.

பட்டியலைப் பக்கம் பக்கமாக வாங்கும் லூப்பும் நிற்காமல் போகுமா?

போகும். 'அடுத்த பக்க டோக்கன்' வந்ததை அடுத்த அழைப்பில் சேர்க்க மறந்தால், முதல் பக்கமே திரும்பத் திரும்ப வரும். ஒரே டோக்கன் இருமுறை வந்தால் பிழை என்று எடுத்துக்கொள்ளுங்கள். போட்டோ3இன் பேஜினேட்டரும் அப்படித்தான் செய்கிறது. மறுபக்கத்தில், பக்கம் காலியாக வந்தால் பட்டியல் முடிந்தது என்றும் எண்ணிவிடாதீர்கள். வடிகட்டித் தேடும்போது காலிப் பக்கமும் அடுத்த டோக்கனும் சேர்ந்து வருவது ஏடபிள்யூஎஸின் தரவுத்தளமான டைனமோடிபியில் சாதாரணம்.

என் நிரலில் லூப் என்று ஒரு வரிகூட இல்லை. ஆனாலும் லாம்டா நிற்காமல் ஓடியது. இது எப்படிச் சாத்தியம்?

லூப் உங்கள் நிரலில் இல்லை, அமைப்பில் இருக்கிறது. படம் ஒன்று எஸ்3 பக்கெட்டில் (ஏடபிள்யூஎஸின் கோப்புச் சேமிப்பிடம்) விழுந்தால், நிகழ்வு நேர்ந்ததும் ஓடும் நிரலான லாம்டா எழுகிறது. அது படத்தைச் சிறிதாக்கி, அதே பக்கெட்டில் எழுதுகிறது. எழுதியதும் ஒரு புதுப் படம் விழுந்ததாகவே கணக்கு, மறுபடி லாம்டா எழுகிறது. உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் தனித்தனி பக்கெட் வைப்பதுதான் உறுதியான தீர்வு. கோப்புப் பெயரின் முன்னொட்டை வைத்துப் பிரிக்கலாம் என்றாலும், பின்னால் யாரேனும் அந்த விதியைத் தளர்த்திவிடும் வாய்ப்பு எப்போதும் உண்டு.

2023 ஜூலையில் ஏடபிள்யூஎஸ் இத்தகைய சுழற்சியைக் கண்டறியும் வசதியைச் சேர்த்தது. எஸ்க்யூஎஸ், எஸ்என்எஸ் ஆகிய செய்தி அனுப்பும் சேவைகள் வழியாக ஒரே நிகழ்வு சுமார் 16 முறை சுற்றிவந்தால் அது நிறுத்திவிடும். பிற்பாடு எஸ்3க்கும் அது விரிவாக்கப்பட்டது. எல்லாச் சேவைகளும் அதன் பார்வையில் படுவதில்லை என்பதால், அதையே நம்பி வடிவமைப்பது சரியன்று.

குபர்னெட்டீஸ் கன்ட்ரோலர் நிற்காமல் சுற்றுவதற்கென்றே எழுதப்படுவதுதானே? அதில் எது தவறு?

அமைப்பை விரும்பிய நிலைக்குத் தொடர்ந்து கொண்டுவரும் நிரலே கன்ட்ரோலர். அதன் வெளிச்சுற்று முடிவில்லாததாக இருப்பதில் தவறில்லை. அதன் வேலையே அது. ஒவ்வொரு சுற்றும் குறிப்பிட்ட நேரத்துக்குள் முடிய வேண்டும், விரும்பிய நிலையும் இருக்கும் நிலையும் ஒன்றாகிவிட்டால் எதையும் எழுதாமல் திரும்ப வேண்டும் என்ற இரண்டும்தான் விதி. இரண்டாவதைத்தான் அதிகம் மீறுகிறார்கள். 'கடைசியாகச் சரிபார்த்த நேரம்' என்ற புலத்தைச் சுற்றுதோறும் ஸ்டேட்டஸில் எழுதினால், அந்த எழுத்தே பொருள் மாறியதாக அறிவிப்பு அனுப்பி அதே கன்ட்ரோலரை மறுபடி எழுப்பும். முந்தைய விடையில் கண்ட எஸ்3 சுழற்சியேதான் இது. விவரக்குறிப்பு மாறினால் மட்டும் கூடும் 'ஜெனரேஷன்' எண்ணைப் பார்த்து, அது மாறாத நிகழ்வுகளை வடிகட்டிவிடுங்கள்.

சர்வர் எண்ணிக்கை ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஆடுகிறது. இதையும் முடிவில்லாச் சுழற்சி என்று சொல்லலாமா?

சொல்லலாம், ஒவ்வோர் அடியும் தனித்தனியே நியாயமாகத் தெரிவதால் கண்டுபிடிக்கக் கடினமான வகையும் இதுவே. கூட்டுவதற்கும் குறைப்பதற்கும் ஒரே எல்லைக்கோட்டை வைத்தால், கூட்டியதும் சுமை கோட்டுக்குக் கீழே போகும், குறைத்ததும் மேலே வரும். சுமைக்கேற்பப் பாட் எண்ணிக்கையை மாற்றும் குபர்னெட்டீசின் எச்பிஏ, இலக்கிலிருந்து 10 சதவீதத்துக்குள் இருக்கும் மாற்றத்தை இயல்பாகவே பொருட்படுத்துவதில்லை, குறைப்பதற்கு முன் 300 விநாடி பொறுத்துப் பார்க்கிறது. வேகமாகக் குறைத்துப் பணம் மிச்சப்படுத்தலாம் என்று இந்த எண்ணைப் பூச்சியமாக்குவதை நான் ஏற்பதில்லை.

இன்னொரு வடிவம், ஏடபிள்யூஎஸில் கணினி எண்ணிக்கையைத் தானாகப் பேணும் ஆட்டோஸ்கேலிங் குழுவில் வருவது. மென்பொருள் எழ 6 நிமிடம் ஆகிறது, ஆனால் உடல்நலச் சோதனைக்கான சலுகைக் காலம் 5 நிமிடம் என்றால், எல்லாக் கணினிகளும் எழுவதற்குள்ளேயே 'நலமில்லை' என்று நீக்கப்பட்டு, புதியவை வந்து அவையும் நீக்கப்படும். இதைத் தவிர, இரண்டு கருவிகள் ஒரே எண்ணிக்கைக்காகச் சண்டையிடுவதும் உண்டு. எச்பிஏ 8 பாட் என்கிறது. நிரல் பதிப்புகளைச் சேமிக்கும் கிட்டில் (Git) உள்ள கோப்பில் 3 என்று இருப்பதால், ஒத்திசைக்கும் கருவி ஒவ்வொரு முறையும் 3க்கு இழுக்கிறது. கோப்பிலிருந்து அந்த ஒரு வரியை நீக்கினால் சண்டை ஓயும்.

பட்ஜெட் எச்சரிக்கை வைத்திருக்கிறேன். லூப் சிக்கினால் அது சொல்லிவிடாதா?

சொல்லும், ஆனால் காலம் கடந்து சொல்லும். ஏடபிள்யூஎஸ் பட்ஜெட் விவரம் ஒரு நாளில் அதிகபட்சம் 3 முறைதான் புதுப்பிக்கப்படுகிறது. நிமிடத்துக்கு நூறு கணினி உருவாக்கும் லூப்புக்கு எட்டு மணி நேர இடைவெளி தாராளம். கணக்கின் கோட்டாவைத் தேவைக்குச் சற்று மேலே மட்டும் வைத்துக்கொள்வதே உண்மையான தடுப்பு. சோதனைக்கென்று தனிக் கணக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதே சுற்றிக்கொண்டிருக்கிறது. முதலில் எதைச் செய்ய வேண்டும்?

கணினிகளை நீக்காதீர்கள், நீக்கியதும் லூப் மறுபடி உருவாக்கும், நீங்களும் அதில் ஓர் அங்கமாகிவிடுவீர்கள். உருவாக்கும் பக்கத்தை முதலில் துண்டியுங்கள். லாம்டா என்றால் அதற்கு ஒதுக்கிய கன்கரன்சியை (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய எண்ணிக்கை) பூச்சியமாக்குங்கள். ஆட்டோஸ்கேலிங் குழு என்றால் 'லாஞ்ச்', 'டெர்மினேட்' செயல்களை இடைநிறுத்துங்கள். சொந்தக் கன்ட்ரோலர் என்றால் அதன் பாட் எண்ணிக்கையை 0 ஆக்குங்கள். அதன்பிறகு குறிச்சொல்லை வைத்து எண்ணுங்கள், கடைசியாக நீக்குங்கள். உருவாக்கும்போதே எந்த நிரல் உருவாக்கியது என்ற குறிச்சொல்லை ஒட்டியிருந்தால்தான் இந்த எண்ணிக்கை கைகூடும்.

இதை எப்படிச் சோதிப்பது? நிற்காத லூப்பைச் சோதித்தால் சோதனையும் நிற்காதே?

எப்போதும் 'பெண்டிங்' என்றே விடை சொல்லும் போலி கிளையன்ட் ஒன்றையும், காத்திரு என்றால் காத்திருக்காமல் உடனே நேரத்தை முன்னே நகர்த்தும் போலிக் கடிகாரம் ஒன்றையும் எழுதுங்கள். உண்மையில் 10 நிமிடக் கெடு, சோதனையில் சில மில்லிவிநாடிகளில் தீர்ந்துவிடும். நிரல் தோல்வி என்று திரும்பியதா, நீக்கும் அழைப்பு ஒருமுறை போயிற்றா என்று பாருங்கள். பிறகு எப்போதும் 'இருப்பில் இல்லை' என்று சொல்லும் கிளையன்ட், உருவாக்கிவிட்டு டைம்அவுட் தரும் கிளையன்ட் என்று மாற்றி மாற்றி ஓட்டுங்கள். சோதனைக்கே ஒரு டைம்அவுட் வைக்க மறக்காதீர்கள்.

கெடு, ஜிட்டர், டோக்கன், கோட்டா எல்லாம் வைத்தாயிற்று. அதற்குப் பிறகும் அமைப்பு முன்னேறாமல் சுற்றுமா?

சுற்றும். 2025 அக்டோபர் 20 அன்று ஏடபிள்யூஎஸின் வடக்கு வர்ஜீனியா பகுதியில் நடந்தது இதுதான். முந்தைய இரவில் டிஎன்எஸ் (பெயரை இணைய முகவரியாக மாற்றும் அமைப்பு) தானியக்கத்தில் ஏற்பட்ட பிழையால் டைனமோடிபி எட்டாமல் போயிற்று. ஈசி2 கணினிகளைத் தாங்கும் பௌதிக சர்வர்கள் ஒவ்வொன்றுக்கும் குத்தகை வைத்து நிர்வகிக்கும் உள் அமைப்பு டைனமோடிபியை நம்பியிருந்ததால், அந்தக் குத்தகைகள் ஒவ்வொன்றாகக் காலாவதியாயின. டைனமோடிபி மீண்ட பிறகு, எல்லா சர்வர்களுக்கும் ஒரே நேரத்தில் குத்தகையைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. வேலை அவ்வளவு குவிந்ததால், ஒவ்வொன்றும் முடிவதற்குள் அதன் கெடு தீர்ந்தது. கெடு தீர்ந்ததும் மறுமுயற்சி வரிசையின் கடைசியில் சேர்ந்தது. எல்லாக் கெடுக்களும் சரியாகவே வேலை செய்தன, ஆனால் வரிசை குறையவில்லை. உள்ளே வரும் வேலையை மட்டுப்படுத்தி, அந்த அமைப்பின் சர்வர்களைத் தேர்ந்தெடுத்து மறுதொடக்கம் செய்து, வரிசையைக் காலியாக்கிய பிறகே அது மீண்டது.

உங்கள் நிரலில் இதற்குச் செய்யக்கூடியவை இரண்டு. வரிசையிலிருந்து ஒரு வேலையை எடுக்கும்போதே அதன் வயதைப் பாருங்கள்; முடிப்பதற்குள் கெடு தீர்ந்துவிடும் என்று தெரிந்தால், தொடங்காமலே தள்ளிவிடுங்கள். வரிசையின் நீளத்துக்கும் ஓர் உச்சவரம்பு வைத்து, அதைத் தாண்டினால் புதிய கோரிக்கையை வாசலிலேயே மறுத்துவிடுங்கள். கண்காணிப்புப் பலகையில் எத்தனை முயற்சிகள் நடந்தன என்பதற்குப் பக்கத்தில், எத்தனை முடிந்தன என்பதையும் வரையுங்கள். முதல் கோடு உயரத்திலும் இரண்டாவது பூச்சியத்திலும் சில நிமிடங்கள் நீடித்தால், அப்போதே ஆளை எழுப்புமாறு எச்சரிக்கையை அமைத்துவிடலாம்.